அம்மாபேட்டையிலிருந்து கோன் கேனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறாள். போனை நீட்டினாள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய விளம்பரம்: தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, அனுபவம் தேவையில்லை, டூரிஸ்டாகப் போய் இறங்கினால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

"அக்கா, நீங்க போய்ட்டு வந்தவங்க. இத நம்பிப் போலாமா?"

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2016-ல் என்னிடமும் ஒருவர் இதையேதான் சொன்னார். அன்றைக்கு இருட்டும்வரை அவளிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சேலத்தில் இந்த யோசனையோடு இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். அப்பா குழித்தறியில் பட்டு நெய்தவர். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தேன். ஆங்கிலம் எனக்குக் கல்லூரியில், அதுவும் பயந்து பயந்துதான் வந்தது. பி.எட். முடித்து 9,000 ரூபாய்ச் சம்பளத்தில் நாலு வருஷம் ஓட்டியபோது தாய்லாந்தில் 20,000 பாட் என்றார்கள். அப்போது ஒரு பாட் கிட்டத்தட்ட 1 ரூபாய் 90 காசு. கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏஜென்ட் 85,000 கேட்டார். அம்மாவின் இரண்டு வளையல் செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடைக்குப் போனது.

சுற்றுலா விசாவில் போய் இறங்கினேன். கோன் கேன் நகரத்தில் ஓர் அரசுப் பள்ளி. பாங்காக்கிலிருந்து வடகிழக்கே சுமார் 450 கிலோமீட்டர். அந்தப் பகுதியை ஈசான் என்கிறார்கள். வடகிழக்குக்கு நாம் சொல்லும் ஈசானிய மூலைதான். மே நடுவில் பள்ளி திறந்ததும் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் வேலை அனுமதி இல்லாமல் பாடம் நடத்தினேன். அது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளி வாசலில் போக்குவரத்தைச் சரிசெய்ய நிற்கும் போலீஸ்காரரைப் பார்த்தால்கூடக் கை நடுங்கும். பிறகு பள்ளிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, நோங் காய் எல்லையில் மேக்கோங் பாலம் தாண்டி, லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்குப் போய், அங்கிருக்கும் தாய்லாந்துத் தூதரகத்தில் வேலைக்கான 'நான்-இமிக்ரன்ட் பி' விசா வாங்கிவந்தேன். லாவோஸ் விசா, தங்கும் செலவு, விசாக் கட்டணம் 2,000 பாட், எல்லாம் என் கைக்காசு. போனில் ஏஜென்ட் எடுக்கவேயில்லை.

இத்தனையும் சென்னையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. வேலை கொடுக்கும் பள்ளி, தன் கடிதத்தாளில், உன் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சம்பளமும் போட்டு நியமனக் கடிதமும் மற்ற காகிதங்களும் அனுப்பவேண்டும். அதை வைத்து விசா வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறவேண்டும். கடிதம் தர மறுக்கும் பள்ளியை விட்டுவிடு. கடிதம் தேவையில்லை என்று சொல்லும் ஏஜென்டை அதற்கு முன்னாலேயே விட்டுவிடு. பள்ளிக்கு நீயே போன் பண்ணு. ஆங்கிலத் துறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரிடம் பேசக் கேள். அசல் பட்டச் சான்றிதழை எவரிடமும் கொடுத்து வைக்காதே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் வளையல் கதை மட்டும் இல்லை. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்து இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். அவர்களும் டூரிஸ்டாகத்தான் இறங்கினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ஈ-மைகிரேட் தளத்தில் பார்க்க முடியும். அதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

உள்ளே போன பிறகும் காகித வேலை தீராது. வேலை அனுமதி, நான் இருந்தபோது அது நீல அட்டை போட்ட புத்தகம். குருசபா என்ற ஆசிரியர் மன்றத்தின் அனுமதி. நீ இன்ன வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று வீட்டுக்காரர் குடியேற்ற அலுவலகத்துக்குத் தரவேண்டிய தகவல். 90 நாளுக்கு ஒருமுறை நீயே தெரிவிக்கவேண்டிய முகவரி. இந்தியரை அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் டோயிக் போன்ற தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். அதை இங்கேயே எழுதிவிட்டுப் போவது நல்லது. விசா அந்த ஒரு பள்ளியோடு கட்டப்பட்டது. பள்ளி மாறினால் விசாவும் போய்விடும். ஒரு நோட்டுப் போட்டு எல்லாத் தேதியையும் எழுதி வை. ஒன்றைக் கவனி: அவர்கள் காகிதங்களில் புத்த ஆண்டு இருக்கும். நம் ஆண்டோடு 543 கூட்டவேண்டும். நான் போன 2016 அங்கே 2559. பால் பாக்கெட்டில்கூட அப்படித்தான் அச்சடித்திருக்கும்.

இந்தக் காகிதங்களில் ஒன்றை நான் தவறவிட இருந்தேன். 2018 ஜனவரியில் ஆயா, என் பாட்டி, இறந்துபோனாள். அம்மா போனில் அழுத அழுகையில் நான் பள்ளியில் சொல்லிவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடித்து பாங்காக் போனேன். உடன் வேலை பார்த்த பிலிப்பினோ ஆசிரியையை 'ஆத்தே' என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். அவர் நடுவழியில் போன் பண்ணி ஒரே கேள்விதான் கேட்டார். "திரும்பி வரும் அனுமதி போட்டாயா?" போடவில்லை. அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் நீட்டித்து வாங்கிய விசா அந்த நிமிஷமே செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். நல்லவேளை, விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு மேசை இருந்தது. 1,000 பாட் கட்டணம், ஒரு போட்டோ. பர்ஸில் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ நாலு எப்போதும் இருக்கட்டும். அன்றைக்கு எனக்கு இருந்தது.

வீடு, வாடகை எல்லாம் சுலபம். ஒரே அறை, சின்ன பால்கனி, மாதம் 3,000 பாட். சமையலறை இருக்காது, பால்கனியில்தான் அடுப்பு வைக்கணும். பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். சித்திரை வெயில் சேலத்து வெயிலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தது.

சாப்பாடு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் முதல் மாதத்தில் நான் ஆறு கிலோ இளைத்தேன். எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். காய்கறிப் பொரியலிலும், முட்டையிலும், பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தாமிலும். ஈசானில் அதில் புளிக்க வைத்த மீனும் சேரும். நான் மீன் சாப்பிடுகிறவள்தான், ஆனாலும் அந்த வாசம் தொண்டையைத் தாண்டவில்லை. புரட்டாசி வந்தபோது திண்டாட்டம். சைவம் என்று சொல்லத் தெரியாமல் வெள்ளைச் சோறும் வாழைப்பழமும் தின்றேன். கணக்கு டீச்சர் இதைக் கவனித்துவிட்டார். (அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே வயதில் மூத்தவரை அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மைப் போலவே. நானும் அக்கா என்றே எழுதுகிறேன்.) சந்தைக்குக் கூட்டிப்போய், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைக் காட்டினார். 'ஜே' என்று அதற்குப் பெயர். சீன வம்சாவளிக்காரர்கள் நம் புரட்டாசியை ஒட்டி ஒன்பது நாள் கடைப்பிடிக்கும் சைவ விரதம். முட்டை, பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. மஞ்சள் கொடி தெரிந்தால் யோசிக்காமல் சாப்பிடலாம். ஊரிலிருந்து கிளம்பும் முன்னால் யாராவது இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்.

பிறகு நானே சமைத்தேன். தேங்காய், புளி, பச்சை மிளகாய், முருங்கை, பாகற்காய், கொத்தமல்லி எல்லாம் சந்தையில் மலிவு. பாசிப்பருப்பு உடைத்தது, தோல் நீக்கியது, இனிப்புக் கடைச் சாமான்களோடு கிடைக்கும். துவரம்பருப்பும் உளுந்தும் பாங்காக்கில் இந்தியர் கடைகள் இருக்கும் பாஹுராத்தில் வாங்கி வருவேன். அந்தச் சூட்டுக்கு மாவு ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். அங்கே ஒட்டரிசியை மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள். முதல் நாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் கையால் சாப்பிட்டதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

வழியில் யார் பார்த்தாலும் 'கின் காவ் ரு யங்' என்பார்கள். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அம்மா தினமும் போனில் முதலில் கேட்பதும் அதுதான். "சாப்ட்டியா கண்ணு?" ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்தில் அதே கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மொழிக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வந்த புதிதில் சந்தையில் முட்டை கேட்டேன். கோழிக்கறி கட்டிக் கொடுத்தார்கள். கோழிக்கு அவர்கள் சொல் நம் காதுக்குக் 'கை' என்று விழும். முட்டையும் 'கை'தான், ஆனால் முதல் எழுத்தில் மூச்சை ஊதிச் சொல்லணும். தமிழில் அந்த ஊதல் எழுத்து இல்லாததால் என் காது அதைப் பிரிக்கவேயில்லை. அக்கா என் உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைக்கச் சொன்னார். முட்டை சொல்லும்போது கையில் காற்றுப் படவேண்டும், கோழிக்குப் படக்கூடாது. ஒரு வாரம் பால்கனியில் நின்று பழகினேன்.

அதன் பலன் வகுப்பில் தெரிந்தது. நான் 'பென்' என்றால் பிள்ளைகள் முழிப்பார்கள். அவர்கள் மொழியில் ஊதும் 'ப' வேறு எழுத்து, ஊதாத 'ப' வேறு எழுத்து. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப, ட, க மூன்றையும் ஊதித்தான் சொல்லவேண்டும். நாம் ஊதுவதில்லை. எட்டு வருஷம் ஆங்கிலம் படித்தும் இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. முட்டைக்காரம்மா கடையில்தான் கற்றேன். இப்போது இங்கே என்னிடம் வரும் பிள்ளைகளுக்கும் உள்ளங்கையை வாய்முன் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எழுத்து இன்னும் நெருக்கம். சந்தைப் பக்கம் ஒரு கடையில் பிள்ளைகளுக்கான எழுத்து அட்டை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். நம் அட்டையில் ஆ பக்கத்தில் ஆடு நிற்பதுபோல அங்கே முதல் எழுத்துக்குக் கோழி, இரண்டாம் எழுத்துக்கு முட்டை. 44 மெய்யெழுத்து. ஆனால் வரிசையைப் பார்த்ததும் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. க வரிசை முடிவில் ங, பிறகு ச வரிசை, முடிவில் ஞ. கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகத் தாய்லாந்து எழுத்தின் வேர் நம் பல்லவர் காலத்து எழுத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. இன்னொன்று: 'கெ', 'கே', 'கை' எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போட்டுப் பின்னால் ஒலிக்கிறோம். அவர்களும் அப்படியே. ஆங்கிலம் தாய்மொழியான ஆசிரியர் ஒருவர் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறினார். எனக்கு அது ஒரு சாயந்திரத்து வேலை. குறில் நெடில் வித்தியாசமும் அங்கே உண்டு, நமக்குக் காதிலேயே இருக்கிறது.

ஒன்றாம் வகுப்பில் ஙா, ஙி, ஙீ என்று நாம் எல்லோரும் பாடியிருப்போம். அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைப் பிறகு நான் பேசியதில்லை. அங்கே வேலைக்கு 'ஙான்'. பணத்துக்கு 'ஙொன்'. பாம்புக்கு 'ஙூ'. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் 'நான்', 'நொன்' என்று சொல்லிக் கஷ்டப்பட, நான் முதல் தடவையே சரியாகச் சொன்னதில் கடைக்காரம்மா கையைத் தட்டினார். குரலை ஏற்றி இறக்கிச் சொன்னால் சொல்லின் பொருளே மாறிவிடும், அந்தச் சுரங்கள்தான் கடைசிவரை சிரமம். அதற்கு மாதம் இரண்டு தடவையாவது தப்பாகச் சொல்லித் திருத்தப்படத் தயாராக இருக்கணும். மூன்று மாதத்தில் கடைப் பலகை படித்தேன். படிக்கத் தெரிந்ததும் ஊர் நம்மை உள்ளே விடுகிறது. பஸ்ஸில் எங்கே இறங்குவது, மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, ஒப்பந்தத்தில் சம்பளப் பிடித்தம் எவ்வளவு, எதற்கும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வகுப்பில் 48 பேர். எழுந்து நின்று ஒரே குரலில் 'குட் மார்னிங் டீச்சர்' பாடுவார்கள். தனியாக ஒருவரை எழுப்பினால் வாய் திறக்காது. தப்பாகிவிட்டால் பக்கத்துப் பையன் சிரிப்பான் என்ற பயம். அந்தப் பயத்தை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கல்லூரி முதல் வருஷம் முழுக்க நான் கடைசி பெஞ்சில் அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால் தனியாக எழுப்புவதை நிறுத்தினேன். இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டு நான் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். வகுப்பு முதலில் நான் அவர்கள் மொழியில் ஐந்து சொல் சொல்வேன், அவர்கள் திருத்தவேண்டும். சுரத்தைத் தப்பாகச் சொல்வேன். நாற்பத்தெட்டுப் பேரும் என்னைத் திருத்துவார்கள். டீச்சரே தப்புப் பண்ணிவிட்டு மறுபடி சொல்லிப் பார்க்கிறாள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் வாய் திறந்தது.

உச்சரிப்பிலும் ஒரு விஷயம். நாம் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரம் சேர்ப்போம், 'பஸ்ஸு', 'புக்கு' என்று. அவர்கள் நேர்மாறாகக் கடைசி எழுத்தை விழுங்குவார்கள் அல்லது மாற்றுவார்கள். பஸ் 'பட்' ஆகும், புட்பால் 'புட்பான்' ஆகும். அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் ஸ, ல வராது. த, ன ஆகிவிடும். காரணம் தெரிந்தால் கோபம் வராது. என் சேலத்து உகரத்தை நான் எப்படி விட்டேன் என்று அவர்களுக்குச் செய்து காட்டினேன்.

வகுப்பில் தவிர்க்கவேண்டியவை இரண்டு. பிள்ளைகள் தலையைத் தடவாதே. நமக்கு அது பாசம், அங்கே தலை புனிதமானது, தொடக்கூடாது. காலால் எதையும் சுட்டிக்காட்டாதே, இது நமக்கே தெரியும். பிள்ளைகள் கைகூப்பினால் பதிலுக்கு வணங்கலாம், நாமாக முந்திக்கொண்டு வணங்கினால் அவர்கள் கூசிப்போவார்கள்.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை 'வாய் குரு' நடந்தது. மாணவர்கள் ஆசிரியரை வணங்கும் நாள். முழந்தாளால் நகர்ந்து வந்து, வாழையிலையில் செய்த பூந்தட்டைக் கொடுத்தார்கள். தட்டைப் பார்த்தேன். அருகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ. அருகம்புல் போல் அறிவு படரவேண்டும், ஊசிபோல் முனை இருக்கும் இட்லிப்பூ மாதிரி கூர்மையாக இருக்கவேண்டும், தலை கவிழ்ந்திருக்கும் கத்தரிப்பூவைப் போல் அடக்கம் வேண்டும் என்று பக்கத்தில் இருந்த அக்கா விளக்கினார். வியன்டியானுக்குப் போய் அலைந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துவைத்திருந்த சமயம் அது. எங்கள் வீட்டுப் பிள்ளையார் மாடத்தில் தினமும் ஆயா வைக்கும் புல் என் கையில் இருந்தது. பெட்டியை மறுபடி கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அந்த வருஷம் அக்டோபர் 13-ம் தேதி மன்னர் பூமிபோல் இறந்தார். ஊரே கறுப்பு உடுத்தியது. அரசு ஊழியர்கள் ஒரு வருஷம் துக்கம் காக்கவேண்டும் என்று உத்தரவு. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோய், தெருவில் பெரிய அண்டாக்களில் சாயம் காய்ச்சி, ஜனங்கள் கொண்டுவரும் பழைய உடுப்புகளுக்கு இலவசமாகக் கறுப்பு ஏற்றிக் கொடுத்தார்கள். சாயப்பட்டறை வாசத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஆவி பட்டதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நானும் இரண்டு சுடிதாரைக் கொடுத்து முக்கி வாங்கினேன். நவம்பர் 8 இரவு இங்கே 500, 1,000 ரூபாய் நோட்டுச் செல்லாது என்றார்கள். நான் அனுப்பிய பணம் வங்கியில் இருக்கிறது, அம்மா வரிசையில் நிற்கிறாள், வாரத்துக்கு 24,000-க்கு மேல் எடுக்க முடியாது, வளையலை மீட்கும் தேதி தாண்டுகிறது. டிசம்பர் 5 ராத்திரி ஜெயலலிதா போய்விட்டார். மறுநாள் காலையில் அம்மா, "கடையெல்லாம் சாத்திட்டாங்க கண்ணு, தெருவே வெறிச்சுனு கெடக்கு" என்றாள். நான் அன்றைக்கும் கறுப்புடுத்தித்தான் வகுப்புக்குப் போனேன். இரண்டு ஊர்த் துக்கமும் என்மேல் ஒரே நிறத்தில் இருந்தது. ஆசிரியர் அறையில் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்ட அக்கா, வேறெதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரமே அவர் ஊருக்குக் கூட்டிப்போனார். கோன் கேன் மாகாணத்திலேயே சொன்னபோட், பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். வழியெல்லாம் மரவள்ளிக் காடு. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி பின்னாலேயே எங்கள் வண்டி ஊர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ஆத்தூர் ரோடு. ஜவ்வரிசியை நான் சேலத்துச் சாமான் என்று நினைத்திருந்தேன். மரவள்ளி மாவு ஏற்றுமதியில் உலகத்திலேயே முன்னால் நிற்பது அந்த நாடு.

அக்காவின் அம்மா வீட்டுக்கு அடியில், கால்நட்டு உயர்த்திக் கட்டிய வீட்டின் நிழலில், தறியில் இருந்தார். அங்கே ஊடை நூலை முதலிலேயே கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி, நெய்யும்போது பூ தானாகக் கூடிவரும்படி செய்கிறார்கள். 'மட்மீ' என்று பெயர். நான் பார்த்துக்கொண்டே நின்றபோது பாவில் ஓர் இழை அறுந்தது. அந்த அம்மாவுக்குக் கண் மங்கல், இழையைத் தேடினார். என் கை என்னைக் கேட்காமலே போய்விட்டது. இழையைப் பிடித்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிச்சுப் போட்டு, விழுதில் கோத்து அச்சில் இழுத்துவிட்டேன். பத்து வயதிலிருந்து அப்பாவுக்குச் செய்த வேலை. அந்த அம்மா என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் டீச்சர் இல்லை. மகள் என்றுதான் கூப்பிட்டார்.

ஆங்கிலம்தான் என் மூலதனம் என்று நினைத்துப் போனேன். வேலை வாங்கிக் கொடுத்தது ஆங்கிலம். இருக்க இடம் கொடுத்தது அம்மாபேட்டையில் கற்ற மற்ற எல்லாம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அக்காவின் மகளுக்கு சேலத்துக் கொலுசு ஒரு ஜோடி வாங்கிப் போனேன். அந்தக் குழந்தை தூங்கும்போதும் கழற்றவில்லையாம்.

தனிமை இருந்ததா என்று திண்ணையில் இருந்த அந்தப் பெண் கேட்டாள். இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை. அந்த நேரத்தில் வெளியே போய்விடவேண்டும், அறையில் இருக்கக்கூடாது. சோங்க்ரான் என்று ஏப்ரல் 13 முதல் 15 வரை தண்ணீர் ஊற்றிப் புத்தாண்டு கொண்டாடுவார்கள். நம் சித்திரை ஒன்று அதற்குள் வந்துவிடும். அன்று வேப்பம்பூ கிடைக்காத ஏக்கம் மட்டும் அங்கே இருந்தவரை தீரவில்லை.

2019 மார்ச்சில் திரும்பினேன். கிளம்பும் முன் செய்யவேண்டியவை சில உண்டு. பள்ளியிடம் ஆங்கிலத்திலேயே அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கு, தேதியெல்லாம் நம் ஆண்டில் இருக்கட்டும். என் முதல் சான்றிதழில் 2559 முதல் 2562 வரை என்று இருந்தது. சேலத்தில் ஒரு நேர்காணலில் அதைப் பார்த்துவிட்டு, அச்சுப்பிழை உள்ள காகிதம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி எழுதி வாங்க இரண்டு மாதம் ஆனது. வங்கிக் கணக்கை அங்கே இருக்கும்போதே முடித்துவிடு. வீட்டு முன்பணத்தை எழுத்தில் கேள்.

வந்த வருஷம் அக்கா அக்டோபர் விடுமுறையில் பத்து நாள் சேலம் வந்தார். அப்பாவின் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நாடாவை இழுத்துப் பார்த்தார். ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. அம்மா எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பஸ் நிலையத்திலிருந்து ஏரிவரை கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

இருட்டிவிட்டது. அந்தப் பெண் நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். விளம்பரத்து எண்ணுக்குப் பதில் அனுப்பச் சொன்னேன்: பள்ளியின் பெயர், முகவரி, பள்ளி கொடுக்கும் கடிதம், இவை மூன்றையும் முதலில் அனுப்புங்கள் என்று. அவள் என் முன்னாலேயே தட்டச்சு செய்து அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தபோது அந்த எண்ணின் படம் காணாமல் போயிருந்தது.

"சரி போகட்டும். பள்ளிகளுக்கு நாமளே நேரா எழுதலாம்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட் நகலும் சான்றிதழ்களும் எடுத்துக்கொண்டு வருகிறாள். அதுவரைக்கும் எழுத்து அட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாசல்படி இறங்கும்போதே கோழியும் முட்டையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை வாய்முன் வைத்தபடி போனாள்.